காதுக்கு ஒரு ஸ்பேனர்

ராஜேந்திரன் ஸ்பேனர் வாங்குவதை வேடிக்கை பார்க்கவே விமல்ராஜின் டூல்ஸ் கடை வாசலில் நாலு பேர் கூடிவிடுவார்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட மனுஷன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். பெட்டியின் மேல் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. "பேரு எழுத யாருக்குத்தான் தெரியாது?" என்பார். ஸ்பேனரை எடுத்து முதலில் அதன் வாயைப் பார்ப்பார். உள்ளங்கையில் கிடத்தி எடை பார்ப்பார். ஒரு சொட்டு ஆயில் கேட்டு வாங்கிக் கையில் தடவிக்கொண்டு, வழுக்குகிறதா என்று இறுக்கிப் பிடிப்பார். அதற்குள் விமல்ராஜுக்கு இரண்டு டீ ஆகியிருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அசல் பரீட்சை. ரிங் ஸ்பேனரின் வளையத்தை ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டு, இன்னொரு ஸ்பேனரால் லேசாக ஒரு தட்டு தட்டுவார். ணங் என்று ஓசை கிளம்பும். ராஜேந்திரன் கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஓசை தேய்ந்து அடங்கும்வரை கடையில் யாரும் மூச்சு விடக் கூடாது. ரோட்டில் போகிற பஸ்காரன் மட்டும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட மாட்டான்.

ஓசை நீண்டு இழுத்தால், "உயிர் இருக்குது, பில்லு போடு" என்பார். சட்டென்று அறுந்தால், "செத்த இரும்பு. எடுத்து உள்ள வெய்யி" என்பார். அப்பீல் கிடையாது.

இந்த முறையைப் பற்றி இரும்பு செய்கிறவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. கோயிலுக்கு வாங்குகிற தேங்காயையும் பொங்கலுக்கு வாங்குகிற பானையையும் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊரில், ஸ்பேனரை மட்டும் பெட்டி பார்த்து வாங்குவதா என்பது ராஜேந்திரன் கட்சி. ஒரே கம்பெனியில் முழு செட்டும் வாங்குகிறவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ரிங் ஸ்பேனர் நீலப் பெட்டியில்தான் வாங்க வேண்டும், கட்டிங் பிளேயர் மஞ்சள் பெட்டியில், திருப்புளி என்றால் பெயரே இல்லாத ஒரு கம்பெனியின் மரக்கைப்பிடி. "அரிசி வாங்குற கடையிலயே அல்வாவும் வாங்குவியா நீ?" என்று கேட்பார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையுமாக நிலத்தோடு நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் பம்புசெட் ஓடுகிற சத்தத்தில் மயங்கி வண்டிப் பக்கம் வந்தவர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் வரிசையாக இருக்கிற பட்டறைகளில் அவருடையதும் ஒன்று. ஆபீஸ் போகிறவர்களின் ஸ்கூட்டர்களும் கிரிவலக் கூட்டத்தைச் சுமக்கிற ஆட்டோக்களும் அவரிடம் வரும். வண்டி தூரத்தில் வரும்போதே, "வால்வு தட்டுது பாரு" என்று எழுந்து நிற்பார். வண்டிக்காரர் இறங்கி வாயைத் திறப்பதற்குள் பாதி வேலை புரிந்துபோயிருக்கும். அந்தக் காதுக்காகத்தான் அந்த வரிசையில் அத்தனை மரியாதை.

அவர் வாங்கிய ஸ்பேனரைத்தான் வரிசையே வாங்கும். வாங்கிய கையோடு ஒருவருக்கொருவர் இரவலும் கொடுத்துக்கொள்வார்கள். இரவல் போனது திரும்பி வர வேண்டுமே, அதற்காக ஆளுக்கொரு அடையாளம். பக்கத்துப் பட்டறை சுப்பிரமணி பச்சை பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். ராஜேந்திரனின் அடையாளம் அவர் மனைவி கஸ்தூரியின் ரோஸ் கலர் நெயில் பாலிஷ். இத்தனை காவல் இருந்தும், பத்தாம் நம்பர் ஸ்பேனர் எந்தப் பட்டறையிலும் நிலைத்ததாகச் சரித்திரம் இல்லை.

வம்பு போன வருஷம் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. புதிதாக வந்த நீலப் பெட்டியைத் தட்டிப் பார்த்த ராஜேந்திரன் முகம் சுளித்தார். இன்னொன்றைத் தட்டினார். "செத்த இரும்பு" என்றார். இத்தனை காலம் அவரே உயிர் இருக்குது என்று வாங்கிவந்த கம்பெனி! சரி, மஞ்சள் பெட்டியைப் பார்க்கலாம் என்று எடுத்தார்கள். அதுவும் செத்திருந்தது. விமல்ராஜ் விடுவானா? சென்னைக்குப் போன் போட்டு, வெளிநாட்டுச் சரக்கு என்று சிவப்புப் பெட்டியில் ஒரு செட் வரவழைத்தான். வெல்வெட் துணியில் படுத்திருந்த அந்த ஸ்பேனரை ராஜேந்திரன் விரலில் தொங்கவிட்டுத் தட்டினார். பிறகு, இழவு வீட்டில் பேசுகிற குரலில், "விமலு, இதுவும் போயிடுச்சுப்பா" என்றார்.

ராஜேந்திரன் அண்ணனே வேண்டாம் என்றுவிட்டாரே என்று வரிசையில் ஒருவரும் வாங்கவில்லை. விமல்ராஜின் கடையில் பெட்டிகள் தூசி படிந்து அடுக்கில் தூங்கின. ராஜேந்திரனுக்கோ மனசே சரியில்லை. "ஒலகத்துல இரும்பே கெட்டுப்போச்சு" என்று டீக்கடையில் உட்கார்ந்து வருத்தப்பட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்கள் பேச்சை விழுங்க ஆரம்பித்துவிட்டார்கள். செல்போன் கம்பெனி மோசமாகிவிட்டது. கஸ்தூரி வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டாள். இரும்பு செய்கிறவன் முதல் கட்டின மனைவி வரை எல்லாரும் ஒரே வருஷத்தில் எப்படிக் கெட்டுப்போனார்கள் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆட நன்றாகவே தெரியும். அதனாலேயே கூடத்தின் மேல் சந்தேகம் இன்னும் பலமாக விழுந்தது.

கடைசியில் விமல்ராஜ்தான் ஒரு யோசனை செய்தான். அதில் கள்ளம் எதுவும் இல்லை, தூங்குகிற பெட்டிகளை எழுப்ப வேண்டும் என்கிற வியாபாரக் கவலைதான். அண்ணனின் கண்ணைக் கட்டிவிட்டு, அவருடைய பழைய ஸ்பேனரையும் புது நீலப் பெட்டி ஸ்பேனரையும் மாற்றி மாற்றித் தட்டுவது. பழையதைக் கேட்டதும் உயிர் இருக்குது என்பார். அதே ஓசைதான் புதிதிலும் வருகிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடலாம். அவர் காதின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"ணா, ஒரு சின்ன பந்தயம். கண்ணைக் கட்டிக்கினு சொல்லணும், ஒத்துக்கிறியா?" என்றான்.

"கண்ணு எதுக்குடா எனக்கு? கட்டு, கட்டு" என்று ராஜேந்திரன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

வரிசை முழுக்க வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது. டீக்கடை ஜோதியம்மாள்கூட டபராவைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டார். ராஜேந்திரனின் பட்டறையிலிருந்து அவருடைய பன்னிரண்டு-பதிமூன்று நம்பர் ரிங் ஸ்பேனரை சுப்பிரமணி அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்து விமல்ராஜிடம் கொடுத்தார். எத்தனையோ என்ஜின்களைத் திறந்து மூடிய ஸ்பேனர் அது. அதைப் பற்றிப் பேசும்போது ராஜேந்திரன் குரலே குழையும்.

விமல்ராஜ் முதலில் நீலப் பெட்டி ஸ்பேனரைத் தட்டினான்.

"செத்தது" என்றார் ராஜேந்திரன்.

மஞ்சள் பெட்டியைத் தட்டினான்.

"இதுவும் அதே சுடுகாடுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். இப்போது விமல்ராஜ் அந்தப் பழைய ஸ்பேனரை விரலில் தொங்கவிட்டு, கொஞ்சம் பலமாகவே தட்டினான்.

ராஜேந்திரன் உதட்டைப் பிதுக்கினார். "இது எல்லாத்துக்கும் மேல. தகர டப்பா கணக்கா கீது. எந்தப் பய செஞ்சான் இத?"

யாரும் சிரிக்கவில்லை. என்னடா சத்தத்தையே காணோம் என்று அவர் துண்டை அவிழ்த்தார். விமல்ராஜின் விரலில் அவருடைய ஸ்பேனர் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் ரோஸ் கலர் பொட்டு.

"இன்னொரு வாட்டி தட்டு" என்றார் ராஜேந்திரன்.

"வேணாம்ணா, வுடு."

"தட்றா."

விமல்ராஜ் தட்டினான். ராஜேந்திரனுக்கு டொக் என்று ஒரு மொட்டைச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. சுப்பிரமணியின் புருவம் ஏறுவதைப் பார்த்தார். கடை வாசலில் சுருண்டு கிடந்த நாய் காதைத் தூக்குவதைப் பார்த்தார். அங்கே நின்ற அத்தனை பேர் கண்ணும் காற்றில் எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தது. ஓசை இன்னும் நின்றபாடில்லை. அவரிடம் மட்டும் அது வந்து சேரவில்லை.

ஸ்பேனரை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். பட்டறையில் முருகையனின் ஆட்டோ நின்றிருந்தது. போன மாதம் இவர் வேலை பார்த்து அனுப்பிய வண்டி, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் நின்றுவிட, கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். "என்ஜினுக்குள்ள செயின் கிலுகிலுன்னு அப்பவே சத்தம் போட்டுச்சேண்ணா" என்று முருகையன் சொன்னபோது, செயின் செய்த கம்பெனியை அரைமணி நேரம் திட்டியிருந்தார் ராஜேந்திரன். இப்போது அந்த ஆட்டோவின் முன்னால் உட்கார்ந்து நீளத் திருப்புளியை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். கொஞ்ச நாளாக எந்த வண்டி வந்தாலும் நீளத் திருப்புளியை என்ஜின் மேல் ஊன்றி அதன் கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்பது வழக்கமாகியிருந்தது. வேலையில் கவனம் கூடிவிட்டது என்று நினைத்திருந்தார். கவனம் கூடவில்லை, காது கம்மியாகியிருந்தது.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். முழங்கால் வலித்தால் முக்காலி போட்டுக்கொள்ளலாம். வண்டி என்ன சொல்கிறது என்றே கேட்காதவனுக்கு மெக்கானிக் என்று எப்படிப் பெயர் இருக்கும்? பட்டறையை சுப்பிரமணி கையில் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்றுகூட நினைத்தார். மல்லாட்டை பிடுங்கக் காது தேவையில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் கஸ்தூரி எதிரில் உட்கார்ந்து, பெரிய ரகசியத்தைச் சொல்கிறவர் போலத் தொண்டையைக் கனைத்தார். "எனக்குக் காது சரியா கேக்கல போலக் கீது."

கஸ்தூரி முறத்திலிருந்த கீரையை ஆய்ந்தபடியே, "எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்" என்றாள்.

"இன்னா?"

"ரெண்டு வருஷமா தெரியும்ன்றேன்!"

"அடிப்பாவி, தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"சொன்னேங்க. எத்தினியோ வாட்டி சொன்னேன். உங்க காதுல விழல."

ராஜேந்திரன் அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. கீரை முறம் ஒரு பக்கம் சாய, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

மறுநாளே கஸ்தூரி அவரை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த காது பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த சிந்துஜா என்கிற பெண் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, விதவிதமான ஓசைகளைக் கேட்க வைத்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். தடித்த சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கிறது. மெல்லிசான, கீச்சென்ற சத்தங்கள்தான் போய்விட்டன. கூச்சலுக்கு நடுவே காலமெல்லாம் வேலை செய்கிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும். போனது திரும்பாது, ஆனால் மெஷின் வைத்தால் கேட்கும்.

மெஷின் என்ற வார்த்தையைக் கேட்டதும் ராஜேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெஷினா? எங்க, காட்டுங்க."

சிந்துஜா நாலைந்து சின்னப் பெட்டிகளை மேஜையில் வைத்தாள். அவ்வளவுதான், கஸ்தூரி தலையில் கை வைத்துக்கொண்டாள். ராஜேந்திரன் பெட்டிகளை ஒதுக்கினார். மல்லாட்டைப் பருப்பு அளவே இருந்த அந்தச் சாமானை உள்ளங்கையில் கிடத்தி எடை பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடினார். எண்ணெய்க் கை பட்டால் என்ன ஆகும், வேர்வை போனால் என்ன ஆகும், ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். காதுக்குள் போகிற ரப்பர் மூடி சின்னது பெரியது என்று பல அளவில் வரும் என்று சிந்துஜா சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பாக்ஸ் ஸ்பேனர் கணக்கா. காதுக்குத் தக்கன மாட்டிக்கலாம்."

"கரெக்ட் சார், அதேதான்" என்றாள் சிந்துஜா.

முதலில் இருப்பதிலேயே உயர்ந்த மாடலை மாட்டிவிட்டாள். கஸ்தூரி பேசியது கண்ணாடி மாதிரி கேட்டது. "இதையே வாங்கிடலாங்க" என்று அவள் எழுந்தேவிட்டாள். ராஜேந்திரன் கையை உயர்த்தி அவளை உட்கார வைத்தார். "ஓட்டிப் பாக்காம வண்டி வாங்குவாங்களா? இருங்க" என்று மெஷினோடு வெளியே நடந்தார். எதிரில் ஆட்டோ ஸ்டாண்டு. ஒரு டிரைவரிடம் கேட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டே திரும்பி வந்தார்.

"இது பொய் சொல்லுதும்மா."

"ஏன் சார்?"

"ஆட்டோ எதிர்லயே நிக்குது. நாலு தெரு தள்ளி ஓடற கணக்கா கேக்குது."

சிந்துஜா சிரித்துவிட்டாள். "இது அப்படித்தான் சார். பேச்சை மட்டும் எடுத்துக் குடுக்கும், வண்டிச் சத்தத்தைக் கம்மி பண்ணிடும். வர்றவங்க எல்லாரும் அந்தச் சத்தம் வேணாம்னுதான் கேப்பாங்க."

"எனக்கு அந்தச் சத்தம்தாம்மா சோறு போடுது" என்றார் ராஜேந்திரன்.

சிந்துஜாவுக்கு அன்றைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரைச்சலைக் கூட்டிக் கொடு என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான். இன்னொரு கம்பெனி மெஷினை மாட்டினாள். அது விசில் அடித்தது. ராஜேந்திரன் அதைக் கழற்றி, "இதுக்கே தனியா ஒரு மெக்கானிக் வேணும்" என்று மேஜையில் வைத்தார். அடுத்தது விலையிலும் அழகிலும் நடுத்தரமான ஒன்று. அதை மாட்டியதும், சிந்துஜா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவரோடு ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள்.

நடுப்பகல் வெயிலில் ஒரு ஆட்டோவின் சீட்டில் லேப்டாப் உட்கார்ந்தது. கஸ்தூரி புடவைத் தலைப்பால் அதற்கு நிழல் பிடித்தாள். என்ஜின் ஓட ஓட, ராஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல... ஜாஸ்தி, ஜாஸ்தி, கீழ வா... அங்கதான், அங்கியே நிறுத்து" என்று சொல்லச் சொல்ல, சிந்துஜா பொத்தான்களை அழுத்திக்கொண்டே போனாள். கார்புரேட்டர் டியூன் செய்கிற மாதிரியே இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் முகம் அப்படியே மாறிப்போனது. எங்கோ உள்ளே, என்ஜினின் குடலுக்குள், கிலுகிலுவென்று ஒரு மெல்லிய ஓசை. அவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, செயின் தளந்துகினு வருது. தீபத் திருவிழாவுக்குள்ள பாத்துடு" என்றார் டிரைவரிடம்.

"எனக்கே தெரிலயேண்ணா!"

அடுத்த வண்டிக்குப் போனார். "ஒனக்கு டப்பெட்டு, வால்வு தட்டுது." அதற்கடுத்த வண்டிக்கு, "ஒனக்கு ஒண்ணுமில்ல, நட்டு ஒண்ணு லூசு." ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஜோசியரிடம் கை நீட்டுகிறவர்கள் போலக் காத்து நின்றார்கள். ராஜேந்திரன் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். கஸ்தூரி லேப்டாப்புக்குப் பிடித்த தலைப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிந்துஜா அந்த மெஷினிலேயே பட்டறைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு விதமாக அமைத்துக் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினால் மாறிக்கொள்ளும். கிரைண்டர் ஓட்டும்போது மெஷினைக் கழற்றிவிட்டுக் காதுக்கு மூடி போட்டே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகவும் சொல்லி அனுப்பினாள். விலையெல்லாம் கஸ்தூரி தனியாகப் பேசி முடித்துக்கொண்டாள். அந்த வேலைக்கு அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அங்கிருந்து ராஜேந்திரன் நேராக விமல்ராஜ் கடைக்குத்தான் போனார். நீலப் பெட்டி, மஞ்சள் பெட்டி, சிவப்புப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டு பாடியது. வரிசையையே கூப்பிட்டு, காதிலிருந்த மெஷினைத் தொட்டுக் காட்டி, "இரும்பு மேல எந்தத் தப்பும் இல்லப்பா. என் சரக்குதான் டேமேஜு" என்றார். விமல்ராஜ் பெட்டிகளின் தூசியைத் தட்டியதில் தும்மல் தும்மலாகப் போட்டான். அன்றைக்கே பாதி அடுக்கு காலி. முருகையனின் ஆட்டோவைக் கூலி வாங்காமல் பிரித்து, செயினை மாற்றிக் கொடுத்தார் ராஜேந்திரன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு லீவு. ராஜேந்திரன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெஷினை வீட்டுக்கானதில் வைத்திருந்தார். சமையற்கட்டிலிருந்து கஸ்தூரி, தெருமுனை வரைக்கும் எட்டுகிற குரலில், "ஏங்க! சாப்புட வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். இரண்டு வருஷப் பழக்கம் அவளை விடவில்லை. அவர்கள் தினம் சண்டை போடுகிறார்கள் என்றே பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜேந்திரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏன் இப்படிக் கத்துற? பொறுமையா சொல்லு, கேக்குது."

கஸ்தூரி கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். எவ்வளவு மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்கும் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தயங்கினாள். பிறகு, கல்யாணமான புதிதில் மாமியார் காதில் விழாமல் கூப்பிடுவாளே, அந்தக் குரலில், "சாப்பிட வாங்க" என்றாள்.

ராஜேந்திரன் எழுந்திருக்கவில்லை. பேப்பர் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பல வண்டிகளின் சத்தம் திரும்பி வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்கு, இந்தக் குரலும் போயிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"கேக்கலையா?" என்றாள் கஸ்தூரி.

"கேட்டுச்சு" என்றார் ராஜேந்திரன். "இன்னொரு வாட்டி சொல்லு."